கடைமடைக்கு ரத்தம் வருகிறதா? கணுக்காலில் பி.பி. பார்க்கும் சோதனை

பெரியப்பா வீட்டிலிருந்து ரேஷன் கடை அரை கிலோமீட்டர்கூட இருக்காது. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அவரோடு நடந்து போனேன். பாதி வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கவில்லை. வலது கெண்டைக்காலைக் கையால் அமுக்கிவிட்டபடியே பேசிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் போயிருக்கும், ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நடந்தார். திரும்பி வரும்போதும் கிட்டத்தட்ட அதே தூரம் வந்ததும் நின்றார். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை, மதகுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். "நரம்பு இழுக்குதும்மா. வயசாச்சுல்ல" என்றார். அதற்காக ஒரு வருடமாக நரம்பு மாத்திரை வேறு சாப்பிட்டுவந்திருக்கிறார்.

நான் நர்ஸ். சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த மூன்று நிமிடம் எனக்கு உறுத்தியது. மூட்டுத் தேய்மான வலி இப்படிக் கணக்கு வைத்து வராது. ஒருநாள் வாசலிலேயே வரும், ஒருநாள் கடைத்தெரு வரைக்கும் வராது. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துவதால் வரும் வலியும் நடக்கும்போதுதான் வரும், ஆனால் அது அடங்க உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து, சும்மா நின்றாலே சில நிமிடத்தில் விட்டுவிடுகிற வலி வேறு வகை. அந்தச் சதைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் இதற்குக் 'கடை ஜன்னல் நோய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வலி வந்து நிற்கிறவர், யாராவது பார்த்தால் கூச்சமாக இருக்குமே என்று கடை ஜன்னலில் வைத்திருக்கும் பொருள்களைப் பார்ப்பது போல நிற்பாராம். எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்ச்.

அடுத்த வாரமே பெரியப்பாவை நான் வேலை செய்யும் இடத்துக்கு வரவழைத்தேன். படுக்கவைத்து, கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, கணுக்காலில் பட்டையைச் சுற்ற ஆரம்பித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, பி.பி.ய கால்ல பாக்குற?"

"கடைமடைக்குத் தண்ணி வருதான்னு பாக்குறேன் பெரியப்பா."

நாகப்பட்டினம் பக்கம் ஐம்பது வருடம் விவசாயம் பார்த்தவர். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்போ மேல எங்கயோ அடைப்புங்கற" என்றார்.

அவ்வளவுதான் இந்தச் சோதனையின் தத்துவம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று, தலைமடையில் வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது என்பதால் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசி வயலில் போய்த்தான் பார்க்க வேண்டும். இதயத்திலிருந்து புறப்படும் ரத்தத்துக்குப் பாதம்தான் கடைமடை. வழியில் இடுப்பு, தொடை, முழங்காலின் பின்புறம் என்று எங்கே கொழுப்பு படிந்து குழாய் சுருங்கியிருந்தாலும் அது பெரும்பாலும் கணுக்காலின் ரத்த அழுத்தத்தில் தெரிந்துவிடும். கை அழுத்தத்தோடு கால் அழுத்தத்தை ஒப்பிட்டால் போதும். கால் தமனிகள் இப்படிச் சுருங்குவதைப் புறத்தமனி நோய் என்கிறோம். டாக்டர் சீட்டில் பி.ஏ.டி. என்று இருக்கும். ஒப்பிட்டு வரும் எண்ணுக்கு 'ஆங்கிள் பிரேக்கியல் இண்டெக்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.பி.ஐ. என்று பெயர். 1950-லேயே ட்ராவிஸ் வின்ஸர் என்ற அமெரிக்க மருத்துவர் கை, கால் அழுத்தங்களை இப்படி ஒப்பிட்டுக் காட்டிவிட்டார். 1969-ல் லண்டனில் ஜேம்ஸ் யாவோவும் கூட இருந்தவர்களும் ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து இதைச் செய்துகாட்டிய பிறகு ரத்தக்குழாய் மருத்துவத்தில் இது அன்றாடச் சோதனையாகிவிட்டது.

ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆரோக்கியமான ஆளுக்குப் படுத்த நிலையில் கணுக்காலின் மேல் அழுத்தம், அதாவது 120/80 என்பதில் உள்ள 120, கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 10, 15 மி.மீ. கூட இருக்கலாம். தூரம் போகப் போகக் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். சராசரி அழுத்தம் குறையத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் கிளம்பும் அலை, கால் பக்கத்துக் குறுகலான, விறைப்பான குழாய்களில் போய் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் அலையின் உச்சி உயர்ந்துவிடுகிறது. ஆகவே கால் அளவு கை அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

சரி, எப்படி எடுக்கிறோம்?

முதலில் படுக்கை. ஐந்திலிருந்து பத்து நிமிடம் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு மணி நேரம் பீடி, சிகரெட் கூடாது. படுப்பது ஏன் முக்கியம் என்றால், நிற்கும்போது இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள ரத்தத்தின் எடையே கணுக்கால் அழுத்தத்தில் 80, 90 மி.மீ. கூட்டிவிடும். உட்கார்ந்து எடுத்தாலும் தப்பு. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி மெஷினைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு "எனக்குக் கால் பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம் பட்டை. கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே சுற்றுவோம். ஸ்டெதாஸ்கோப் இதற்குச் சரிப்படாது, ஏனென்றால் கணுக்காலில் அந்தச் சத்தம் சரியாகக் கேட்காது. அதனால்தான் டாப்ளர். தடிமனான பேனா மாதிரி ஒரு முனை, அதோடு ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. ஸ்கேனுக்குத் தடவுகிற அதே ஜெல்லைக் கொஞ்சம் வைத்து, பேனாவைச் சாய்த்துப் பிடித்து, குழாயைத் தேடுவோம். காலில் இரண்டு இடம்: உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒன்று, புறங்காலில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக மேலே ஒன்று. குழாயின் மேல் சரியாக உட்கார்ந்ததும் பெட்டியிலிருந்து சத்தம் வரும். நல்ல குழாயில் அது துள்ளலாக, ஒரு துடிப்புக்கு இரண்டு மூன்று அடுக்காக, சாட்டை வீசியது போல் இருக்கும். அடைப்புக்குக் கீழே என்றால் 'உஷ்... உஷ்...' என்று காற்று இழுப்பது போல ஒற்றைச் சத்தம். பெரியப்பாவின் இடது காலில் சாட்டை கேட்டது. வலது காலுக்கு மாறியதும் அவரே, "இது என்னம்மா, பஞ்சர் ஆன டயர் மாதிரி" என்றார். எண் எடுப்பதற்கு முன்னாலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சத்தம் நிற்கும்வரை பட்டையில் காற்றடித்து, அதற்கு மேலும் 20 மி.மீ. ஏற்றி, மெதுவாக இறக்குவோம். சத்தம் திரும்பி வரும் இடத்தில் உள்ள எண்தான் அந்தக் குழாயின் மேல் அழுத்தம். இப்படி இரண்டு கால், ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், அதோடு இரண்டு கைகளிலும் எடுக்க வேண்டும். ஆறு எண்கள்.

பெரியப்பாவின் எண்கள்: வலக்கை 148, இடக்கை 140. வலது கால் 110, 104. இடது கால் 150, 146. ஒவ்வொரு காலிலும் பெரிய எண்ணை எடுத்து, கைகளில் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். இடது கால் 150-ஐ 148-ஆல் வகுத்தால் 1.01. வலது கால் 110-ஐ 148-ஆல் வகுத்தால் 0.74. கணக்கு இவ்வளவுதான்.

ஏன் இரண்டு கையும்? இங்கேதான் அவசரத்தில் தவறு நடக்கிறது. கொழுப்பு காலில் மட்டும் படிவதில்லை, தோளுக்கு அருகே கைக்குப் போகும் குழாயிலும் படியும். அப்படி ஒரு கையில் அடைப்பிருந்தால் அந்தக் கை அழுத்தம் பொய்யாகக் குறைந்திருக்கும். பெரியப்பாவுக்கு இடக்கை 118 என்று காட்டியிருந்து, நாம் அதை மட்டும் எடுத்திருந்தால் 110-ஐ 118-ஆல் வகுத்து 0.93 என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இரண்டு கைகளுக்கும் 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவே தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் பட்டை கட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நோயாளியே வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

எண்ணை எப்படிப் படிப்பது? 1.00 முதல் 1.40 வரை நார்மல். 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் புறத்தமனி நோய். 0.40-க்கும் கீழே என்றால் ரொம்ப மோசம். படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும், சின்னக் கீறல்கூட ஆறாது, காலை இழக்கும் ஆபத்து உண்டு. அங்கே நாள் கணக்குப் பார்க்கக் கூடாது.

1.40-க்கு மேல் போனால் ரொம்ப நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் குழாயின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்துவிடும். குழாய் பி.வி.சி. பைப் மாதிரி ஆகிவிடுகிறது. பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் அமுங்காது. 220, 240 என்று எண் ஏறிக்கொண்டே போகும், சத்தம் நிற்காது. அந்த எண் ரத்தத்தின் அழுத்தம் இல்லை, சுவரின் விறைப்பு. இதைவிடக் கவலையான நிலை ஒன்று உண்டு. உள்ளே அடைப்பினால் அழுத்தம் குறைந்திருக்கும், வெளியே விறைப்பினால் எண் கூடியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி 1.05 என்று அழகான நார்மல் எண் வந்து நிற்கும். சர்க்கரை நோயாளிக்கு ஆறாத புண் இருந்து, ஏ.பி.ஐ. நார்மல் என்று வந்தால் நாங்கள் அதை நம்புவதில்லை. கால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி அங்கே அழுத்தம் எடுப்போம். விரல் குழாய்களில் சுண்ணாம்பு படிவது அரிது. அந்த எண்ணைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.70 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வேலையில் மனதை அதிகம் வருத்துவது இதுதான். பெரியப்பாவுக்கு வலித்தது, அதனால் மாட்டிக்கொண்டார். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு அந்த வலியே வராது. "நடக்கிறப்ப வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள். செருப்பு கடித்த புண்ணோ, மொசைக் தரையில் இடித்துக்கொண்ட நகமோ கறுத்த பிறகுதான் வருகிறார்கள். சென்னையில் நடந்த நகர்ப்புற ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது. அதில் மொத்தம் 3.2 சதவீதம் பேருக்குப் புறத்தமனி நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்தால் 6.3 சதவீதம். இவர்களில் எத்தனை பேருக்குக் காலில் பட்டை கட்டிப் பார்த்திருப்பார்கள்?

கால் நாடியைத் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் புறங்கால் நாடி பிறவியிலேயே சிலருக்குக் கைக்குத் தட்டுப்படாது, வீக்கம் இருந்தாலும் தெரியாது. சில நேரம் பார்க்கிறவரின் சொந்த விரல் துடிப்பே நோயாளியின் நாடி போல ஏமாற்றிவிடும். எண் அப்படி ஏமாற்றாது. அடுத்த வருடம் வேறு ஒருவர் எடுத்தாலும் ஒப்பிடலாம்.

நடந்தால் வலிக்கிறது, ஆனால் படுத்து எடுத்தால் நார்மல் என்று சிலருக்கு வரும். அதற்கும் காரணம் இருக்கிறது. படுத்திருக்கும்போது கால் சதைக்குத் தேவையான ரத்தம் கொஞ்சம்தான். குழாய் ஓரளவு சுருங்கியிருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். நடக்கும்போது தேவை பல மடங்கு. குறுகலான இடத்தின் வழியே அதிக ரத்தம் ஓட முயலும்போதுதான் அழுத்தம் சரிகிறது. அதனால் டிரெட்மில்லில் நடக்கவைத்து, இறங்கியதும் உடனே படுக்கவைத்து மறுபடி எடுப்போம். கணுக்கால் அழுத்தம் 30 மி.மீ.க்கு மேல் விழுந்தாலோ, ஏ.பி.ஐ. 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ ஒளிந்திருந்த அடைப்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

இனி, யார் யார் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்? நடந்தால் கால் வலி, ஆறாத புண், கால் நாடி தட்டுப்படாமை இருந்தால் கேள்வியே இல்லை, எடுக்க வேண்டும். வெரிகோஸ் புண்ணுக்கு இறுக்கமான கட்டுப் போடுவதற்கு முன்பும் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் ரத்தம் குறைந்த காலை இறுக்கிக் கட்டினால் இருக்கிற ரத்தமும் போகாது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு என்று வரும்போதுதான் மருத்துவர்களிடையே கருத்து வேறுபடுகிறது. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு, பொதுவாக எல்லாருக்கும் எடுப்பதால் நன்மையா இல்லையா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2018-ல் சொன்னது. அதே நாட்டு இதய மருத்துவ அமைப்புகள், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு எடுப்பது நியாயம் என்கின்றன: 65 வயதைத் தாண்டியவர்கள், 50-லிருந்து 64 வயதுக்குள் புகை, சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால் போல ஏதாவது உள்ளவர்கள், 50-க்குக் கீழே என்றாலும் சர்க்கரையோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்தவர்கள். டென்மார்க்கில் 65-லிருந்து 74 வயது வரையிலான சுமார் 50,000 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பாதிப் பேரை அழைத்து வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், கால் தமனி, ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது: அழைக்கப்பட்டவர்களிடையே மரணம் 7 சதவீதம் குறைந்திருந்தது. மூன்றும் சேர்ந்த பலன் அது; கால் சோதனைக்கு மட்டும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

என் கருத்தைக் கேட்டால், ஊர் முழுக்க எல்லாருக்கும் எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் நீண்ட நாள் பீடி குடித்தவரும், ஐம்பது தாண்டிய சர்க்கரை நோயாளியும் ஒரு தடவையாவது காலில் பட்டை கட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். ஊசி இல்லை, மருந்து ஏற்றுவது இல்லை, வலி என்றால் பட்டை இறுகும் அந்தச் சில நொடிகள்தான். கால் மணி நேர வேலை.

காரணம் கால் மட்டும் இல்லை. காலில் படிந்த கொழுப்பு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். 16 ஆய்வுகளிலிருந்து 48,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. ஏ.பி.ஐ. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் அடுத்த பத்து வருடத்தில் இறக்கும் வாய்ப்பு, அவர்களைப் போன்ற ஆபத்துக் கணக்கு உள்ள மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். அதனால் 0.74 என்று எழுதிய சீட்டோடு டாக்டரைப் பார்க்கப் போனால் அவர் காலைப் பற்றிப் பேசுவதைவிட இதயத்தைப் பற்றி அதிகம் பேசுவார்.

பெரியப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. ஸ்கேனில் வலது தொடையில் அடைப்பு உறுதியானது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பி.பி. மாத்திரையில் மாற்றம். ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்றார் டாக்டர். ஆனால் பீடியை விட்டே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாற்பது வருடப் பழக்கம். மூன்று தடவை விட்டு, மூன்று தடவை ஆரம்பித்து, நான்காவது தடவை விட்டார்.

மருந்துக்குச் சமமான இன்னொரு சிகிச்சை நடை. வலி வரும்வரை நடக்க வேண்டும், ஓரளவு வலி ஏறியதும் நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு 30-லிருந்து 45 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். கால் வலிக்கிறவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தெரியும், பெரியம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஆனால் இதய வலிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது; இந்த வலியில் நடப்பதால் சதை கெட்டுப்போவதில்லை, கிடைக்கிற ரத்தத்தை நன்றாகப் பயன்படுத்தப் பழகிக்கொள்கிறது. புண் இருப்பவர்களுக்கும், படுத்திருக்கும்போதே வலி இருப்பவர்களுக்கும் இந்த நடை கிடையாது. அவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மூன்றரை மாதம் கழித்து மறுபடி பட்டை கட்டினேன். வலது கால் 0.75. எண் அசையவே இல்லை. நடையால் அடைப்பு கரையாது, எண் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். பெரியப்பா எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "போன வாரம் டீக்கடைக்காரன் கூப்பிட்டான்மா, நான் நிக்கல" என்றார். ரேஷன் கடை வரைக்கும் ஒரே நடையாம். திரும்பும்போது மட்டும், கையில் அரிசிப் பையோடு, மதகுப் பக்கம் ஒரு தடவை நின்றாராம்.